சிவப்பா பச்சையா என்று கேட்டீர்கள், தகட்டில் 34 இருக்கிறதே!

கேள்வி: அண்ணாச்சிக்கு வணக்கம். என் பெரியப்பா 1974-இல் மெட்ராஸில், ஊர் திரும்பிய ஒரு வெளிநாட்டு அதிகாரியிடம் வாங்கிய ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் திறந்த கார் இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. 1969 மாடல், மார்க் 3. இன்ஜின் வேலை முடிந்து ஓடுகிறது. எண்பதுகளில் அடித்த சிவப்பு பெயிண்ட் வெளுத்து ரோஸ் நிறமாகிவிட்டது. காலேஜ் படிக்கும் மகன் பிரிட்டிஷ் ரேசிங் கிரீன் என்கிற கரும்பச்சைதான் வேண்டும் என்கிறான். வீட்டில் வெள்ளை போதும் என்கிறார்கள். பெயிண்டர் மெட்டாலிக் சிவப்பு அடித்தால் தூக்கலாக இருக்கும் என்கிறார். சீட் கறுப்பு, மடக்குகிற துணிக் கூரையான ஹூட்டும் கறுப்பு. பானட்டைத் தூக்கினால் உள்ளே எல்லாம் அழுக்கேறி மஞ்சளாகக் கிடக்கிறது. அங்கே ஒரு சின்னத் தகட்டில் பெயிண்ட் என்ற இடத்தில் 34 என்று எண் மட்டும் இருக்கிறது, என்னவென்று தெரியவில்லை. எந்தக் கலர் அடிக்கலாம்? (வாசகர், சேரன்மகாதேவி)

பதில்: தம்பி, கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதினீர்களே அந்த 34, அதுதான் பதில். உங்கள் வீட்டில் மூன்று பேர் மூன்று கலருக்குச் சண்டை போட்டுக்கொண்டிருக்க, நான்காவதாக அந்த வண்டியும் ஒரு கலரைச் சொல்லிக்கொண்டு பானட்டுக்குள் கிடக்கிறது, யாரும் அதைக் கேட்கவில்லை.

அந்தக் காலத்து ட்ரையம்ப் வண்டிகளில் பெயிண்டுக்கு எண் வைத்ததில் ஒரு கணக்கு உண்டு. கடைசி எண்தான் நிறத்தின் குடும்பம். 2 என்று முடிந்தால் சிவப்பு, 4 மஞ்சள், 5 பச்சை, 6 நீலம், 9 வெள்ளை. 32 என்றால் சிக்னல் ரெட், 25 என்றால் கோனிஃபர் கிரீன், 56 ராயல் புளூ, 19 வெள்ளை. உங்களுடைய 34, ஜாஸ்மின். பெயர் மல்லிகை என்றாலும் நிறம் வெள்ளை இல்லை, வெளிர் மஞ்சள். வெள்ளைக்காரன் தோட்டத்தில் குளிர்காலத்தில் பூக்கிற மஞ்சள் மல்லிகை ஒன்று இருக்கிறது, நம்ம ஊர் ஆட்களுக்குத்தான் மல்லிகை என்றால் வெள்ளை. உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தானே பத்தமடை, சாயம் போடாத புதுக் கோரை எப்படி இருக்கும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதைவிட ஒரு சொட்டு மஞ்சள் கூடுதலாக நினைத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய அங்கே வந்துவிடும்.

அப்புறம் பானட்டுக்குள் அழுக்கேறிய மஞ்சள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது முழுக்க அழுக்கு இல்லை என்றுதான் நினைக்கிறேன். இந்த வண்டிகளில் இன்ஜின் பகுதியும் பாடியின் நிறத்தில்தான் கம்பெனியிலிருந்து வரும். எண்பதுகளில் சிவப்பு அடித்தவர் வெளியே கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் மட்டும் அடித்துவிட்டு உள்ளே தொடாமல் விட்டிருக்கிறார். அன்றைக்கு அது சோம்பேறித்தனம், இன்றைக்கு உங்களுக்கு அதுவே சாட்சி. கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டு ஒரு துணியால் துடைத்துப் பாருங்கள்.

ஆனாலும் தகட்டை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஐம்பது வருஷ வண்டியில் தகடு மாறியிருக்கலாம், பானட்டே வேறு வண்டியிலிருந்து வந்திருக்கலாம். இரண்டு கதவின் உள் பேடையும் கழற்றுங்கள், கார்ப்பெட்டைத் தூக்குங்கள், டிக்கி மூடியின் பீடிங் ரப்பருக்கு அடியில் பாருங்கள். வெயில் படாமல் ஐம்பது வருஷம் மூடிக்கிடந்த நிறம் அங்கேதான் இருக்கும். வெளியே ஒரு மூலையில் 1500 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீர் தொட்டு, ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு மெதுவாகத் தேய்த்தால் சிவப்பு, அதற்கடியில் பிரைமர், அதற்கடியில் பழைய நிறம் என்று வெங்காயத்தோல் மாதிரி வட்டம் வட்டமாகத் தெரியும். நான் முப்பது வருஷமாகப் பாளையங்கோட்டையில் பட்டறை வைத்திருக்கிறேன், பழைய வண்டி எது வந்தாலும் முதலில் செய்கிற வேலை இதுதான். இங்கிலாந்தில் இருக்கிற பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்துக்கு வண்டியின் எண்ணை எழுதிப் பணம் கட்டினால், எப்போது கட்டிய வண்டி, என்ன நிறத்தில் வெளியே போனது என்று பழைய ஏட்டைப் பார்த்துச் சான்றிதழ் தருகிறார்கள். அவசரமில்லை என்றால் அதையும் வாங்கிவையுங்கள்.

மஞ்சள் என்றதும் உங்கள் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். "ஸ்கூல் பஸ் மாதிரியா?" ஸ்கூல் பஸ் மஞ்சள் ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்த கடும் மஞ்சள், இது க்ரீம் பக்கம் சாய்ந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் புரியும், வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது.

சரி, மற்ற மூன்றையும் பார்த்துவிடுவோம், இல்லையென்றால் அண்ணாச்சி அவர் இஷ்டத்துக்கு ஒன்றைச் சொல்லிவிட்டார் என்று உங்கள் மகன் நினைப்பான்.

அவன் கேட்கிற பச்சையை நான் தப்பு சொல்ல மாட்டேன். 1903-இல் கோர்டன் பென்னட் பந்தயம் அயர்லாந்தில் நடந்தது, இங்கிலாந்தில் பொதுச்சாலையில் பந்தயம் விடக்கூடாது என்று சட்டம் இருந்ததால். அங்கே பிரிட்டிஷ் வண்டிகள் பச்சையில் ஓடின, பிறகு அதுவே பிரிட்டனின் பந்தய நிறம் ஆகிப்போனது. இத்தாலிக்குச் சிவப்பு, பிரான்சுக்கு நீலம் என்பது மாதிரி. ஸ்பிட்ஃபயரே 1965-இல் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் பச்சை நிறத்தில் ஓடித் தன் பிரிவில் ஜெயித்தது, அதனால் பையனின் ஆசைக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. ஆனால் பிரிட்டிஷ் ரேசிங் கிரீன் என்று ஒரே ஒரு பச்சை உலகத்தில் கிடையாது. ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொரு பச்சையை அந்தப் பெயரில் அடித்தது. நீங்கள் கலர் மிக்சிங் கடையில் போய் அந்தப் பெயரைச் சொன்னால், கடைக்காரர் கம்ப்யூட்டரில் முதலில் வருகிற ஒன்றைக் கலந்து கொடுப்பார், அது ஜாகுவாருக்கோ மினிக்கோ உள்ளதாக இருக்கும். இன்னொன்று, மோட்டார் வாகன விதிகளில் 121-ஆவது விதி என்று ஒன்று இருக்கிறது, ராணுவ வண்டிக்கு அடிக்கிற ஆலிவ் கிரீனை நம்ம காருக்கு அடிக்கக்கூடாது. கரும்பச்சைக்குத் தடை இல்லை. ஆனால் பச்சையில் பழுப்பு கொஞ்சம் கூடிவிட்டால் ஆர்டிஓ ஆபீஸில் நின்று விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

இது எல்லாவற்றையும்விடப் பெரிய சங்கடம், அடர்நிறம் பாடியின் குறையைக் காட்டிக்கொடுக்கும். உங்கள் வண்டி ஐம்பது வருஷத்தில் எத்தனை டிங்கரைப் பார்த்திருக்கும்! எத்தனை இடத்தில் தட்டி நிமிர்த்திப் பட்டி போட்டிருப்பார்கள்! கரும்பச்சையோ கறுப்போ அடித்துப் பாலிஷ் போட்டு மத்தியான வெயிலில் நிறுத்தினால், தாமிரபரணியில் காற்றடிக்கிற மாதிரி அலை அலையாகத் தெரியும். அதுவும் ஸ்பிட்ஃபயரின் பானட் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாகத் திறக்கிற ஒரே பெரிய துண்டு, அதில் ஒளி வழுக்கிக்கொண்டு போகும்போது ஒரு சின்னப் பள்ளம்கூட மறையாது. வெளிர்நிறம் இதையெல்லாம் மன்னித்துவிடும். பிறகு சூடு. கறுப்பு சீட், திறந்த வண்டி, நம்ம ஊர் சித்திரை வெயில். வெளியே கரும்பச்சைத் தகடும் சேர்ந்தால் கதவு விளிம்பில் கை வைக்க முடியாது.

மெட்டாலிக் சிவப்பு வேண்டாம். உங்கள் பெயிண்டர் நல்ல மனுஷனாக இருக்கலாம், ஆனால் 1969 ஸ்பிட்ஃபயருக்கு மெட்டாலிக் பொருந்தாது, எண்பதைத் தாண்டியவருக்கு மினுமினு சட்டை போட்ட மாதிரி இருக்கும். நாளைக்கு ஒரு மூலையில் உரசிவிட்டால் அந்தத் துண்டை மட்டும் மறுபடி அடித்துச் சேர்ப்பதும் கஷ்டம், ஏனென்றால் உள்ளே இருக்கிற அலுமினியத் தூள், ஸ்ப்ரே கன்னின் அழுத்தத்துக்கும் தூரத்துக்கும் ஏற்பப் படுத்திருக்கிற விதம் மாறும், ஒரு பக்கம் பார்த்தால் சேர்ந்திருக்கும், மறுபக்கம் பார்த்தால் ஒட்டுப்போட்ட மாதிரி தெரியும். சாதாரண சிவப்பு அழகுதான், சிக்னல் ரெட்டில் ஸ்பிட்ஃபயர் கம்பெனியிலிருந்தே வந்தது. ஆனால் சிவப்பு நிறமி வெயிலில் நிற்பது குறைவு, மட்டமான சிவப்பு என்ன ஆகும் என்பதற்கு உங்கள் வண்டியே உதாரணமாக நிற்கிறது.

வெள்ளையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சூடு தாங்கும், வெளுப்பது தெரியாது, ஒட்டுவேலை சுலபம். ஆனால் நெல்லையில் தெருவுக்கு நாலு வெள்ளைக் கார் நிற்கிறது. திருச்செந்தூர்ப் பக்கம் தேரி மண் பறக்கிற நாளில் ஒரு தடவை போய்வந்தால் செம்மண் கோடு கோடாகத் தெரியும்.

ஜாஸ்மினில் வெள்ளையின் சௌகரியம் முக்கால்வாசி கிடைக்கிறது. தூசி அவ்வளவாகத் தெரியாது. கறுப்பு ஹூட்டும் கறுப்பு சீட்டும் அந்த மஞ்சளுக்கு எடுப்பாக இருக்கும், குரோம் பம்பரும் தனியாகத் தெரியும். இன்னொன்றையும் யோசியுங்கள், இந்த வண்டியின் உயரமே 4 அடிதான். நாலுவழிச்சாலையில் நாங்குநேரி தாண்டிப் போகும்போது பக்கத்தில் வருகிற லாரிக்காரர் கண்ணுக்குக் கரும்பச்சை வண்டி நிழல் மாதிரிதான் படும், வெளிர் மஞ்சள் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலே, உள்பகுதி ஏற்கெனவே மஞ்சள். வேறு எந்த நிறத்துக்குப் போனாலும் இன்ஜினை இறக்கி, வயரிங்கை உருவி, உள்ளே முழுக்க அடித்தால்தான் முழுமை. இல்லையென்றால் பானட்டைத் தூக்கும்போதெல்லாம் பச்சை வண்டிக்குள் மஞ்சள் வயிறு தெரியும். இன்ஜின் வேலை இப்போதுதான் முடித்தேன் என்கிறீர்கள், மறுபடியும் எதற்கு இறக்க வேண்டும்?

இனி அடிக்கிற விதம். இதில்தான் நான் ஒரு தடவை அடிபட்டிருக்கிறேன். தொண்ணூறுகளில் தூத்துக்குடியிலிருந்து ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு வந்தது. (ஹெரால்டு உங்கள் வண்டிக்குச் சொந்தக்காரன்தான், இரண்டையும் வரைந்தவர் மிக்கெலாட்டி என்ற ஒரே இத்தாலிக்காரர், ஹெரால்டின் சேசிஸை மாற்றிச் சுருக்கித்தான் ஸ்பிட்ஃபயர் செய்தார்கள். ஹெரால்டு 1961-இலிருந்து மெட்ராஸில் தயாரானதால் முன்சக்கர வேலைக்குப் பழைய ஹெரால்டு தெரிந்த மெக்கானிக் கிடைத்தால் விடாதீர்கள்.) அந்த ஹெரால்டுக்காரர் வெண்ணெய் நிறம் கேட்டார். அவசரம், வீட்டில் கல்யாணம். நானும் ராத்திரி டியூப்லைட்டில் கலந்து, கண்ணால் பார்த்துத் திருத்தி, மறுநாள் அடித்தேன். காய்ந்ததும் வெளியே தள்ளினால் வெயிலில் பச்சை சாய்ந்து நிற்கிறது. அவருடைய அம்மா வந்து பார்த்துவிட்டு, "பாசிப்பயறு வேகவச்ச தண்ணி மாதிரில்லா இருக்கு" என்றார். மறுபடியும் என் செலவில் அடித்துக் கொடுத்தேன். வெளிர் மஞ்சள், க்ரீம் மாதிரி நிறங்களில்தான் இந்த வினை அதிகம், ஒரு சொட்டுக் கறுப்பு கூடினாலே பச்சையாகிவிடும்.

அதனால் போன் திரையில் பார்த்து முடிவெடுக்காதீர்கள், அச்சடித்த கலர் அட்டையையும் நம்பாதீர்கள். கதவுப் பேடுக்கு அடியில் கிடைக்கிற பழைய நிறத்தைக் கொஞ்சம் பாலிஷ் போட்டுப் பளபளப்பாக்கி, கலர் மிக்சிங் கடையில் ஸ்கேன் செய்கிற கருவியைக் கொண்டுவரச் சொல்லி அங்கேயே எடுங்கள். கருவி சொல்வது ஆரம்பம்தான், கடைசித் திருத்தம் கண்தான். முதலில் கால் லிட்டர் மட்டும் கலக்கச் சொல்லுங்கள். ஒன்றரை அடிக்கு ஒரு தகடு எடுத்து லேசாக வளைத்து, வண்டிக்கு அடிக்கப்போகிற அதே பிரைமரையே அடித்து, அதன்மேல் அடித்துப் பாருங்கள். காலை ஏழு மணிக்கு, உச்சிவெயிலில், அந்தி சாய்கிற நேரத்தில் என்று மூன்று தடவை வெளியே வைத்துப் பாருங்கள், வீட்டில் எல்லோரும் பார்க்கட்டும். வளைக்கச் சொன்னதற்குக் காரணம், தட்டையாக இருந்தால் ஒரே நிறம்தான் தெரியும், வண்டியோ முழுக்க வளைவு.

மஞ்சளுக்கு மூடும் சக்தி குறைவு. கீழே ஓரிடத்தில் சாம்பல் பிரைமர், ஓரிடத்தில் ரெட் ஆக்சைடு என்று இருந்தால் மேலே எத்தனை கோட் அடித்தாலும் திட்டுத்திட்டாகக் காட்டும். நிறத்துக்கு முன்னால் கடைசியாக அடிக்கிற சர்ஃபேசர் என்ற பிரைமர் வண்டி முழுக்க ஒரே வெளிர்நிறமாக, முடிந்தால் வெள்ளையாக இருக்கட்டும்.

என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டா பியூ (பாலியூரிதேன்) பெயிண்டா என்று உங்கள் பெயிண்டர் கேட்பார். பழைய தோற்றம் வேண்டும் என்பவர்கள் என்சியைச் சொல்வார்கள், தேய்த்துப் பாலிஷ் போட்டால் ஒரு மெத்தென்ற பளபளப்பு வரும், உண்மைதான், ஆனால் நம்ம வெயிலுக்குச் சீக்கிரம் மங்கும். நான் சொல்வது பியூ, ஆனால் மேலே தனியாகக் கிளியர் கோட் போடாமல் நிறத்திலேயே பளபளப்பு உள்ள வகை. கிளியர் போட்டால் கண்ணாடிக்குள் வைத்த மாதிரி ஆகிவிடும், 1969 வண்டிக்கு அது ஒட்டாது. நன்றாகக் காய்ந்த பிறகு நைசான பேப்பரில் தேய்த்து கம்பவுண்ட் போட்டால் போதும். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன், பியூவில் கலக்கிற ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு அடிக்கிற வேலை கிடையாது. அது நுரையீரலுக்குள் போனால் ஆஸ்துமா வரலாம், வந்தால் லேசில் போகாது. வெளிக்காற்றைக் குழாய் வழியாகக் கொடுக்கிற முகமூடி இல்லாத பட்டறையில் கொடுக்காதீர்கள், உங்கள் வீட்டுக் காம்பவுண்டுக்குள் வைத்தும் அடிக்கவிடாதீர்கள்.

நேரமும் முக்கியம். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்றில் எந்தக் கொட்டகையை எப்படி மூடினாலும் தூசி வந்து ஈரப் பெயிண்டில் உட்காரும். ஐப்பசி, கார்த்திகையில் மழை, காற்றில் ஈரம் நின்றால் என்சி பெயிண்ட் வெள்ளையாகப் பூத்துவிடும், பியூவும் ஒழுங்காகப் பளபளக்காது. சித்திரையில் தின்னர் கன்னை விட்டு வெளியே வந்ததும் ஆவியாகிப் பெயிண்ட் படராமல் ஆரஞ்சுத்தோல் மாதிரி நிற்கும். தை, மாசிதான் இந்த வேலைக்கு நம்ம ஊரில் நல்ல மாதம், அதிலும் காலை வேளை. இப்போதே பழைய பெயிண்டை உரித்துத் தகரவேலையை ஆரம்பித்தால் சரியாக இருக்கும்.

தகரவேலை என்றதும் ஒன்று. கதவுக்குக் கீழே இரண்டு பக்கமும் நீளமாக ஓடுகிற பெட்டித்தகடு ஸ்பிட்ஃபயரில் வெறும் அலங்காரம் இல்லை, திறந்த பாடியை வளையாமல் பிடித்திருப்பதில் அதற்குப் பங்கு உண்டு. அங்கே துரு இருந்தால் பட்டி பூசி மறைக்கச் சம்மதிக்காதீர்கள். வெட்டி மாற்றும்போது கதவு இடைவெளியைக் குறுக்குக் கம்பி கொடுத்துப் பிடித்துக்கொண்டு வெட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் வேலை முடிந்த பிறகு கதவு மூடாது, அப்புறம் எந்தக் கலர் அடித்து என்ன?

ஆர்சி புத்தகத்தில் நிறம் என்ன என்று எழுதியிருக்கிறது என்பதைக் கடிதத்தில் சொல்லவில்லை. பெரியப்பா சிவப்பு அடித்தபோது அதைப் பதிவு செய்யாமல் விட்டிருந்தால் இன்னும் மஞ்சள் என்றே இருக்கலாம், அப்படியானால் உங்களுக்கு வேலையே இல்லை. சிவப்பு என்று இருந்தால் ஆர்டிஓ ஆபீஸில் விண்ணப்பம் கொடுத்து மாற்றிவிடுங்கள். முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு 2021-இலிருந்து வின்டேஜ் பதிவு என்று ஒன்று வந்திருக்கிறது, நம்பரில் விஏ என்று வரும், புதிதாகப் பதிய 20,000 ரூபாய் கட்டணம். சேசிஸ், பாடி, இன்ஜின் எல்லாம் அசல் வடிவில் இருக்க வேண்டும். ஆனால் அதில் பதிந்தால் கண்காட்சி, ராலி மாதிரி காரியங்களுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம், தினசரி ஓட்டக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்துக்குக் குடும்பத்தோடு போக ஆசை என்றால் (இரண்டு சீட் வண்டியில் யாரை விட்டுவிட்டுப் போவீர்கள் என்பது உங்கள் பாடு) அந்தப் பதிவை யோசித்து எடுங்கள்.

மகனிடம் ஒரு சமாதானம் பேசலாம். பச்சையை வண்டிக்கு வேண்டாம், கராஜ் கதவுக்கு அடித்துக்கொள்ளட்டும்.

முதலில் கதவுப் பேடைக் கழற்றிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். அங்கே மஞ்சள் இல்லாமல் நீலமோ வெள்ளையோ இருந்தால் நான் மேலே சொன்னதில் பாதி செல்லாது, மறுபடி முதலிலிருந்து பேசுவோம். மஞ்சள்தான் என்றால், பேடை மாட்டுவதற்கு முன்னால் அந்த இடத்தில் ஒரு உள்ளங்கை அளவுக்குப் பழைய பெயிண்டைத் தேய்க்காமல் அப்படியே விட்டுவைக்கச் சொல்லுங்கள்.